தேசம்மாவுக்குத் தெரியாமல் கொடுத்த ஆயுள்

ரத்த அழுத்தம் பார்த்தாயிற்று, மருந்துச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தாயிற்று. அப்புறமும் சிலர் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் சற்று நேரம் உட்கார்ந்திருப்பார்கள். அப்போதுதான் இந்தக் கேள்வி வரும்.

"டாக்டரம்மா, வயசே ஆவாம இருக்கறதுக்கு மாத்திரை வந்துடுச்சாமே, நிசமா?"

கேட்பவர் சிரித்துக்கொண்டேதான் கேட்பார். நீங்களும் சிரிப்பீர்கள். வெளியே வரிசை நிற்கிறது, அடுத்தவரைக் கூப்பிடுவீர்கள். இந்த மருத்துவமனையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் மருத்துவர்களான உங்களுக்காக என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். நோய்களைப் பற்றிப் பாடப்புத்தகங்கள் என்னைவிட நன்றாகவே சொல்லும். நான் எழுத நினைப்பது அந்தச் சிரிப்பைப் பற்றி. அதற்குப் பின்னால் எத்தனை பெரிய பயம் ஒளிந்திருக்க முடியும் என்பதை ஓய்வு பெறுவதற்குச் சிறிது காலம் முன்புதான், ஓர் ஆடிக் கிருத்திகையின்போது, முழுசாகப் பார்த்தேன்.

தேசம்மாவை அவருடைய கணவர் முனிரத்தினமும் மகள் லாவண்யாவும் அழைத்து வந்தார்கள். கனகம்மாசத்திரத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். சொந்தக் கழனி, நெல்லும் வேர்க்கடலையும். ஒரே மகளைப் புத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அம்மாவுக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டு அவள் ஓடி வந்திருந்தாள். தேசம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். சர்க்கரை கிடையாது, ரத்தக் கொதிப்பு கிடையாது. நாற்று நடுகிற இடத்தில் சின்னப் பெண்களை முந்துகிறவர் என்று மகள் சொன்னாள். அப்படிப்பட்டவர் சக்கர நாற்காலியில் வந்தார். ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க அவருக்கு மூச்சு போதவில்லை.

பேசியதெல்லாம் லாவண்யாதான். "வாயெல்லாம் புண்ணு மேடம். ரொம்ப நாளா காரமே தொட முடியல. கால்ல மம்முட்டி பட்டுச்சு, அந்தக் காயம் இன்னும் ஆறல. அப்புறம் இருமல். ஊர்ல ஒரு டாக்டர்கிட்ட இருமலுக்கு மாத்திர வாங்கிச் சாப்ட்டாங்க. அதுக்கப்புறந்தான் மூச்சே உட முடியாம ஆயிடுச்சு."

எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரல்களிலும் பனி மூடினாற்போல் வெள்ளைப் படலம். ரத்தத்தில் வெள்ளை அணுக்களும் குறைந்திருந்தன, தட்டணுக்களும் குறைந்திருந்தன. அன்று பணியில் இருந்த இளம் மருத்துவர் நல்ல பையன், கெட்டிக்காரன். காசநோயாக இருக்கலாம், ரத்தப் புற்றுநோயாக இருக்கலாம், எதிர்ப்புச் சக்தி போனவர்களுக்கு வரும் தொற்றாக இருக்கலாம் என்று சொன்னான். தப்பே இல்லை. நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். எதிர்ப்புச் சக்தி எதனால் போயிற்று என்பதற்குத்தான் எங்களிடம் பதில் இல்லை. எய்ட்ஸ் சோதனையும் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது.

சென்னைக்கு அனுப்ப வேண்டிய நோயாளி. ஆனால் எங்கள் ஊர்க் கோயில் மலையைச் சுற்றிலும் காவடிகள். அரக்கோணம் சாலையும் சித்தூர் சாலையும் மஞ்சள் துணியாக அடைத்துக் கிடந்தன. பம்பைச் சத்தமும் 'அரோகரா'வும் வார்டு ஜன்னலில் வந்து மோதிக்கொண்டே இருந்தன. எங்கள் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து, பொழுது சாயும்வரை வண்டி நகராது என்றார். அதுவரை தேசம்மா எங்கள் கையில். ஆக்சிஜனை ஏற்ற ஏற்ற அவருடைய விரலில் மாட்டியிருந்த கருவியில் எண் இறங்கிக்கொண்டே போயிற்று.

பயத்தைப் பற்றி இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை வருடம் ஆனால் பயம் போய்விடும் என்று நினைக்காதீர்கள். எனக்குப் போகவில்லை.  கை மட்டும் தன் வேலையைச் செய்யப் பழகிக்கொண்டது. நான் படித்த காலத்தில் எங்களுக்கு ஒரு தலைமை மருத்துவர் இருந்தார். நிலைமை கைமீறுகிறது என்று தெரிந்தால் எல்லோரும் ஓட ஆரம்பிப்பார்கள். அவர் மட்டும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு நோயாளியின் கால்மாட்டில் உட்கார்ந்துவிடுவார். ஏன் சார் என்று ஒருமுறை கேட்டேன். "நிற்கிற டாக்டரிடம் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள்" என்றார். அதிகம் பேசாதவர். அதற்கு மேல் விளக்கவும் இல்லை.

நானும் அன்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

தேசம்மாவின் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தேன். நாக்கின்மேல் வெள்ளையாகப் பூஞ்சை; உதட்டின் உட்பக்கத்திலும் நாக்கின் ஓரத்திலும் வட்ட வட்டமாகப் புண்கள். அந்தப் புண்களை எங்கோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. நினைவுக்கு வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்ட ஒருவர் முன்பு என்னிடம் வந்துகொண்டிருந்தார். புது உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க அவருக்குக் கொடுத்திருந்த மாத்திரைகளில் ஒன்றின் பெயர் சிரோலிமஸ். அவருடைய வாயும் இப்படித்தான் இருந்தது. அந்த மாத்திரை சாப்பிட்டால் காயம் சீக்கிரம் ஆறாது. வெள்ளை அணுக்கள் இறங்கும். அபூர்வமாகச் சிலருக்கு நுரையீரலும் வெந்து போகும். எல்லாமே பொருந்தியது. ஆனால் இரண்டு சிறுநீரகமும் நன்றாக இருக்கிற ஒரு விவசாயப் பெண்ணின் உடம்புக்குள் அந்த மாத்திரை எப்படி வந்திருக்கும்?

மூன்று பேரிடமும் கேட்டேன்: இவர் வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறாரா? நாட்டு மருந்து, பொடி, லேகியம், எதுவானாலும் சரி.

தேசம்மா முகமூடிக்குள்ளிருந்தே தலையை ஆட்டினார், இல்லை என்று. "எதுவும் இல்ல மேடம்" என்றாள் லாவண்யா. முனிரத்தினம் ஒன்றும் சொல்லவில்லை. கட்டிலின் இரும்புக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பேசாதவரை நாம் கவனிப்பதில்லை. இல்லை என்று இரண்டு பேர் சொல்லிவிட்டால் மூன்றாமவரும் சொன்னதாக எடுத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். அன்று நானும் போயிருப்பேன். வாயில் படிந்திருந்த பூஞ்சைக்கு எழுதியிருந்த ஊசி மருந்து தயாராகிவிட்டது என்று செவிலியர் வந்து சொன்னார். எழுந்தேன். வார்டு வாசலைத் தாண்டியதும் பின்னால் செருப்புச் சத்தம். முனிரத்தினம் வந்து நின்றார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். இப்ப நீங்க ஊசி போடப் போறீங்க. ஒடம்புல வேற மருந்து ஏற்கெனவே இருந்துச்சுன்னா, ரெண்டும் ஒண்ணா போனா இன்னா ஆவும்?"

 அந்தப் பூஞ்சை மருந்தையும் சிரோலிமஸையும் சேர்த்துக் கொடுத்தால், முதலில் போன மாத்திரை உடம்பை விட்டு வெளியேறாமல் தங்கி, ரத்தத்தில் பல மடங்காகிவிடும். இருமலுக்கு ஊரில் கொடுக்கும் சில ஆன்டிபயாட்டிக்குகளுக்கும் அதே குணம் உண்டு. அதற்குப் பிறகுதான் மோசமானது என்று மகள் சொன்னது அப்போதுதான் எனக்குள் சரியாகப் போய் உட்கார்ந்தது.

செவிலியரைப் பார்த்து, "அந்த ஊசியை நான் சொல்ற வரைக்கும் போட வேண்டாம்" என்றேன், ஏதோ ரத்தச் சோதனைக்குக் காத்திருப்பதுபோல. பிறகு முனிரத்தினத்தைத் தண்ணீர்க் கேன் வைத்திருந்த மூலைக்குக் கூட்டிப்போய் அங்கே கிடந்த பெஞ்சில் உட்கார வைத்து, நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் முகத்தைச் சும்மா வைத்துக்கொள்வது அன்று நான் செய்த வேலைகளிலேயே கஷ்டமானது.

"யாரு சாப்பிடற மருந்து?" என்று கேட்டேன்.

"நான்தாம்மா."

"என்ன மருந்து?"

"ஆயுசு கூடற மாத்திர. போன்ல ஒரு குரூப் இருக்குது. அதுல வாங்கினேன்."

"சாப்பிட ஆரம்பிச்சதுலேர்ந்து உங்களுக்கு வாய்ப் புண் வந்துச்சா?"

"இல்லம்மா."

"வயிறு எப்படி இருக்கு? ஒரு நாளைக்கு எப்ப சாப்பிடுவீங்க, காலைலயா, சாயங்காலமா?"

அவர் துண்டை எடுத்து வாயில் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. கூட்டத்தில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஒரு உயிர் இறங்கிக்கொண்டிருக்கும்போது சும்மா உட்கார்ந்திருப்பது எத்தனை பாரம் என்று உங்களுக்கும் ஒரு நாள் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் நான் அவரை உலுக்கியிருந்தால், "நான்தான் சாப்பிடறேன்" என்ற இடத்திலேயே அவர் நின்றிருப்பார்.

"அவளுக்குத்தாம்மா குடுத்தேன்" என்றார் கடைசியில். "காத்தால காபில நொறுக்கிப் போட்டுக் குடுத்தேன். அவளுக்குத் தெரியாது."

"ஏன் அவங்களுக்கு மட்டும்?"

"போன வருசம் எங்க அண்ணி தவறிட்டாங்க. அதுலேர்ந்து எங்க அண்ணன் ஒரு மூலையில குந்திகினு இருக்காரு. சோறு போட்டா துண்ணுவாரு. போடலன்னா கேக்க மாட்டாரு. யாராச்சும் பேரச் சொல்லிக் கூப்ட்டாகூடத் திரும்ப மாட்டாரு. அவரப் பாத்துப் பாத்து எனக்குத் தூக்கமே போச்சும்மா. நான் முந்திப் போயிடணும், அவ இருக்கணும். அதான். நான் அந்த மாதிரி குந்திகினு இருக்க முடியாது."

மாத்திரை அட்டையைச் சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருந்தார். வாங்கிப் பார்த்தேன். சிரோலிமஸ்தான்.

உடனே எழுந்தேன். சென்னையிலிருந்த ஒரு நுரையீரல் நிபுணரிடமும் சிறுநீரக நிபுணரிடமும் தொலைபேசியில் பேசினேன். மாத்திரையால் வெந்த நுரையீரல் என்றால் ஸ்டீராய்டு கொடுத்தால் தேறும். தொற்று என்றால் அதே ஸ்டீராய்டு ஆளையே கொன்றுவிடலாம். இரண்டுமே சேர்ந்திருக்கவும் வாய்ப்புண்டு. எல்லாச் சோதனை முடிவுகளும் வர நாளாகும். தேசம்மாவுக்கு நாள் இல்லை. பூஞ்சை மருந்தில் அந்த மாத்திரையோடு மோதாத வேறொன்றையும் தொற்றுக்கு ஆன்டிபயாட்டிக்கையும் ஏற்றிக்கொண்டே ஸ்டீராய்டையும் தொடங்குவது என்று மூன்று பேரும் சேர்ந்து முடிவெடுத்தோம். முடிவு மூன்று பேருடையது. ஊசியைப் போடச் சொன்ன வாய் என்னுடையது. 

அன்று மாலை கூட்டம் கலைந்து வண்டி வந்து நின்றபோது, அவரை அனுப்ப வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. விரலில் மாட்டிய கருவியில் எண் மேலே ஏறவில்லை; ஆனால் இறங்குவது நின்றிருந்தது. மறுநாள் கொஞ்சம் ஏறியது. அதற்கடுத்த நாள் தேசம்மா தன் கையாலேயே முகமூடியை விலக்கி, "பசிக்குது" என்றார்.

நடுவில் இளம் மருத்துவர் என்னிடம் வந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது. முதல் நாள் சேர்க்கும்போதே முனிரத்தினம் அவனிடம் கேட்டிருக்கிறார், "சார், இந்த ஆயுசு கூடற மாத்திரலாம் நிசமா, சாப்ட்டா ஒண்ணும் ஆவாதா" என்று. அவன் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் வாட்ஸ்அப் வைத்தியம் பெரியவரே, புத்தி இருக்கறவன் வாயில வெப்பானா" என்று சொல்லியிருக்கிறான். கேட்டவருக்கு அதோடு வாய் அடைத்துப்போயிற்று. நான் அவனைத் திட்டவில்லை. அவன் சொன்னதில் மருத்துவ ரீதியாக ஒரு பிழையும் இல்லை. ஆனால் ஒரு கதவு திறந்து, அந்தச் சிரிப்பில் மூடிக்கொண்டது. மறுபடி திறந்தது எங்கள் சாமர்த்தியத்தால் அல்ல, மனைவிக்கு என்ன ஆகுமோ என்று அந்த மனிதர் பட்ட பயத்தால்.

பிழைத்துவிட்டார் என்பதோடு நம் வேலை முடிந்ததாக நாம் நினைத்துக்கொள்கிறோம். எனக்கு உண்மையான பயம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. தேசம்மாவிடம் சொல்ல வேண்டும். அவருடைய உடம்பு. அவருக்குத் தெரியாமல் அதற்குள் போனது என்ன என்று தெரிந்துகொள்ள அவரைவிட உரிமையுள்ளவர் யாருமில்லை. கேஸ் சீட்டில் நான் உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டேன். விதிப்படி காவல் நிலையத்துக்கும் தகவல் போயிற்று. முனிரத்தினத்தைக் கூப்பிட்டு, "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

"நானே சொல்றேம்மா. நீங்க பக்கத்துல இருங்க."

லாவண்யாவையும் உள்ளே கூப்பிட்டோம். முனிரத்தினம் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபடியே சொன்னார். அண்ணனைப் பற்றிச் சொன்னார், போனில் பார்த்ததைச் சொன்னார், காபியைச் சொன்னார். மகளுக்குத்தான் முதலில் புரிந்தது.

"நைனா, நீயா?" என்றாள். குரல் உயரவே இல்லை. "அம்மா செத்திருந்தா நான் யாரைக் கேட்டிருப்பேன்? ஒடம்பு சரியில்லாம போச்சுன்னு ஊரக் கூட்டி அழுதுட்டு, ஒங்கூடயே குந்திகினு இருந்திருப்பேன் இல்ல?"

முனிரத்தினம் தலை நிமிரவில்லை.  தேசம்மா என்னைப் பார்த்துத்தான் பேசினார், கணவரைப் பார்த்து அல்ல.

"கண்ணாலம் ஆன நாளா நான்தான் எழுந்து அவருக்குக் காபி போடுவேன் டாக்டரம்மா. இந்த வருசம் திடீர்னு ஒரு நாளு, நீ படுத்திரு நான் போடறேன்னாரு. எனக்கு அவ்ளோ சந்தோசம். அக்கம்பக்கத்துல எல்லார்கிட்டயும் சொல்லிகினு இருந்தேன், எங்க ஊட்டுக்காரரு காபி போட்டுக் குடுக்கறாருன்னு." மூச்சு வாங்கியது. "அந்தக் காபியா?"

லாவண்யா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நூறு வயசு இருக்கணும்னு நான் எப்ப கேட்டேன்?" என்று அப்போதுதான் கணவர் பக்கம் திரும்பினார். "நீ தனியா இருக்கப் பயந்துகினு என்னத் தனியா உட்டுட்டுப் போலாம்னு பாத்தியா?"

பல வருடங்களாகப் பலருடைய மரணப் படுக்கைக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். அப்படி ஒரு வாக்கியத்தை வேறெங்கும் கேட்டதில்லை. அவர் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. முனிரத்தினம் கொடுக்க நினைத்தது ஆயுள் மட்டுமல்ல. தான் எதைக் கண்டு நடுங்கினாரோ, அதே மூலையை, அதே மௌனத்தை மனைவிக்குக் கொடுக்க நினைத்திருக்கிறார். அவருக்கு அது தெரியவில்லை. அன்பு என்றுதான் நினைத்தார். அது அன்புதான் என்றும் சொல்லலாம். அதனால்தான் பயமாக இருக்கிறது.

பெண் காவலர் ஒருவர் வந்து தேசம்மாவிடம் வாக்குமூலம் வாங்கினார். நான் உடனிருந்தேன். "மருந்துன்னு நெனச்சிக் குடுத்துட்டாரு, கேஸ் எதுவும் வேணாம்" என்றார் தேசம்மா. காவலர் எழுதி முடித்து மடிக்கப் போனார். தேசம்மா கையை நீட்டித் தடுத்தார்.

"எனக்குத் தெரியாம குடுத்தாருன்றதையும் எழுதுங்கம்மா. அத உட்றாதீங்க."

காவலர் என்னைப் பார்த்தார்.  எழுதினார்.

வீட்டுக்குப் போன பிறகு தேசம்மா பரிசோதனைக்கு வந்தபோதெல்லாம் மகள்தான் கூட வந்தாள். நுரையீரல் தெளிந்துவிட்டது. காலில் காயம் ஆறி, தழும்பாகிவிட்டது. வாய்ப் புண் போய்விட்டது. அம்மா சரியாகச் சாப்பிடுகிறாரா என்று மகளிடம் கேட்டேன். லாவண்யா அம்மாவைப் பார்த்தாள். தேசம்மாவே சொன்னார்: "நானே ஆக்கினாத்தான் துண்றேன். அவரு தண்ணி மொண்டு குடுத்தாகூட கை போவல. குடிக்கணும்னுதான் இருக்குது. கை போவல."

அதற்கு என்னிடம் மருந்து இல்லை. அப்படிச் சொல்லவும் செய்தேன். முனிரத்தினத்தைத் தனியாக வரச் சொல்லி, மனநல மருத்துவர் ஒருவரிடம் அனுப்பினேன். போனார். அவருடைய தூக்கம் கொஞ்சம் சீர்பட்டது என்று கேள்வி. இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள், ஒரே கழனியில் வேலை பார்த்தார்கள். அடுப்பு மட்டும் தேசம்மாவின் பொறுப்பில் இருந்தது. அதில் அவர் யாரையும் கிட்டே விடவில்லை.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். மாத்திரை வந்துவிட்டதா?

நீங்கள் அவசரப்பட்டு ஏளனம் செய்யக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். ஆயுளைக் கூட்டுவது என்பது மோசடிக்காரர்களின் கனவு மட்டுமல்ல. நம் தொழில் முழுக்க அதுதான். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மாரடைப்பு என்றால் வீட்டுக்காரர்கள் மணவூரிலிருந்தும் அம்மையார்குப்பத்திலிருந்தும் ஆளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பாதிப் பேர் வழியிலேயே போய்விடுவார்கள். இன்று அதே ஆள் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு பேரன் கல்யாணத்தில் பந்தி விசாரிக்கிறார். அந்த வருடங்கள் எல்லாம் நாம் சேர்த்துக் கொடுத்தவை. மூப்பையே மெதுவாக்க முடியுமா என்று உலகமெங்கும் நேர்மையான ஆட்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். முனிரத்தினம் வாங்கிய மாத்திரைகூட எலிகளின் ஆயுளைக் கூட்டியது உண்மைதான். மனிதர்களுக்குக் கூட்டுமா என்று இதுவரை யாருக்கும் தெரியாது. எந்த அளவில், யாருக்கு, என்ன விலை கொடுத்து என்பதும் தெரியாது. "தெரியாது" என்று நோயாளியின் கண்ணைப் பார்த்துச் சொல்லப் பழகுங்கள். சிரிக்காமல் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, "ஏன் கேக்கறீங்க, ஊட்ல யாராச்சும் சாப்பிடறாங்களா?" என்று கேளுங்கள். பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள்.

என் பயம் என்னவென்றால், அந்த மாத்திரை பொய் என்பதல்ல. ஒரு நாள் அது நிஜமாகவே வந்துவிடும் என்பதுதான். பொய் மாத்திரை என்றால் வாய்ப் புண்ணும் எக்ஸ்ரேயும் காட்டிக்கொடுத்துவிடும், நாம் நிறுத்திவிடலாம். நிஜமான மாத்திரை எந்தப் புண்ணும் உண்டாக்காது. காபியில் கரைந்து, உள்ளே போய், வேலை செய்துகொண்டே இருக்கும். யார் யாருக்கு ஊற்றிக் கொடுக்கிறார்கள், யார் யாரை விடாமல் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று அப்போது எந்தச் சோதனையில் தெரியும்? இப்போதே பாருங்கள், வென்டிலேட்டரில் வைத்த தகப்பனுக்காக மகன்கள் வராந்தாவில் முடிவெடுக்கிறார்கள். அந்தத் தகப்பனிடம் முன்பு யாராவது கேட்டார்களா என்று நான் விசாரித்ததுண்டு. பெரும்பாலும் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். எனக்கே இப்போது முட்டி வலிக்கிறது, இருட்டில் படி இறங்கத் தயக்கமாக இருக்கிறது. என் பிள்ளைகள் என் உடம்பைப் பற்றி அடுத்த அறையில் குரலைத் தாழ்த்திப் பேசுவது காதில் விழுந்தால் எழுந்து போய்க் கதவைத் திறக்கிறேன்.

நான் ஓய்வு பெறப்போகும் செய்தி எப்படியோ தெரிந்து, தேசம்மா ஒரு நாள் என்னைப் பார்க்க வந்தார். இந்த முறை தனியாக, பேருந்தில். உடம்புக்கு ஒன்றுமில்லை என்றார். கொஞ்சம் இளைத்திருந்தாலும் முகத்தில் ரத்தம் இருந்தது. சோதித்துப் பார்த்தேன், எல்லாம் சரியாகவே இருந்தது. அப்புறமும் அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"டாக்டரம்மா, நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு கேக்கறேன். அந்த மாதிரி மாத்திர ஒண்ணு நல்லபடியா வருமா? கெடுதல் இல்லாம?"

சிரிக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. "தெரியாது தேசம்மா. வந்தாலும் வரலாம். நம்ம காலத்துல வருமான்னு தெரியாது."

"ஆங்." கொஞ்சம் யோசித்தார். "வந்துச்சுன்னா எனக்குச் சொல்லி அனுப்புங்க. அவருகிட்ட சொல்லாதீங்க. எம்பொண்ணுகிட்டகூட சொல்லாதீங்க. எங்கிட்ட சொல்லுங்க."

"சொன்னா, சாப்பிடுவீங்களா?"

முந்தானையின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். வெளியிலிருந்து, அடுத்தவரைக் கூப்பிடவா என்று செவிலியர் எட்டிப் பார்த்தார். கை காட்டி நிறுத்தினேன்.

"அது எனக்கே தெரியல" என்றார். "பேத்தியப் பாத்தா இன்னும் கொஞ்ச நாளு இருக்கலாம்னு ஆசையா இருக்குது. ராத்திரி அவரு மூச்சு உடற சத்தம் கேட்டுகினு படுத்திருக்கும்போது, அது நின்னதுக்கப்புறம் நான் எத்தினி வருசம் படுத்திருக்கணுமோன்னு பயமா இருக்குது. ரெண்டும் இருக்குது டாக்டரம்மா. வேணும்னு சொல்லுவேனா வேணாம்னு சொல்லுவேனா தெரியல. ஆனா கேட்டாத்தான சொல்ல முடியும்."